தாரை வார்த்தலும் சீதன உறுதியும்: யாழ்ப்பாணத்து இந்துத் திருமணச் சடங்குகளின் சமூக அடிப்படை

1

இந்துத் திருமணத்தில் இடம்பெறும் சடங்குகளின் பொருள் யாது என்னும் வினாவுக்கு நம்மிடையே இருவகை விடைகள் வழங்கி வருகின்றன. ஒன்று, சைவ அறிஞர்களும் குருமாரும் தரும் தத்துவ விளக்கம். அம்மி மிதித்தல் கல்லையொத்த உறுதியைக் குறிக்கும். அருந்ததி காட்டல் கற்பைக் குறிக்கும். பொரியிடல் வளத்தைக் குறிக்கும் என்றவாறு ஒவ்வொரு கிரியைக்கும் ஓர் அறக்கருத்தைப் பொருத்திக் காட்டுவது இதன் முறை. மற்றையது, இதற்கு எதிர்நிலையிலிருந்து எழுந்த இன விளக்கம். தீயும் மந்திரமும் கன்னிகாதானமும் வடவர் வழக்கு. அவற்றைக் களைந்துவிட்டால் எஞ்சி நிற்பது தூய தமிழ்த் திருமணம் என்பது இதன் முடிபு.

இவ்விரு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றினும், அடிப்படையில் ஒரே குறைபாட்டைக் கொண்டவை. சடங்கை அதனைச் செய்யும் மனிதரிடமிருந்தும், அம்மனிதர் உரிமை கொண்டாடும் நிலத்திலிருந்தும், அந்நிலத்தில் யார் உழைத்தனர் என்பதிலிருந்தும் பிரித்து நோக்குகின்றன. முதலாவது விளக்கம் சடங்கைக் காலங்கடந்த உண்மையாகக் காண்கின்றது. இரண்டாவது அதனை அந்நியர் கொணர்ந்த பண்டமாகக் காண்கின்றது. ஒரு சடங்கு ஏன் குறித்த ஒரு காலத்தில், குறித்த ஒரு சமூகப் பிரிவினரிடையே வேரூன்றியது என்னும் வினாவை இரண்டுமே எழுப்புவதில்லை.

அவ்வினாவை யாழ்ப்பாணத்துத் திருமணத்தை முன்வைத்து எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சடங்குகள் யாவற்றையும் விவரிப்பது நமது கருத்தன்று. கன்னிகாதானம் என்னும் ஒரு கிரியையை மையமாகக் கொண்டு, அது கூறுவதற்கும் யாழ்ப்பாணச் சமூகத்தில் உண்மையில் நிகழ்வதற்கும் இடையேயுள்ள முரண்பாட்டை விளக்க முயல்வோம்.

2

தமிழில் திருமணம் பற்றிய மிகப் பழைய விவரணங்கள் அகநானூற்றின் 86ஆம், 136ஆம் செய்யுள்களிற் காணப்படுகின்றன. முன்னையது நல்லாவூர் கிழாரும் பின்னையது விற்றூற்று மூதெயினனாரும் பாடியவை. பந்தலிட்டுப் புதுமணல் பரப்புதல், விளக்கேற்றுதல், மாலை தொங்கவிடுதல், திங்களும் உரோகிணியும் கூடிய நாளைத் தெரிதல், உழுந்து கலந்த உணவையோ ஊன் கலந்த சோற்றையோ உறவினர்க்கு அளித்தல் ஆகியன அவற்றிலிருந்து அறியப்படுவன. புதல்வரைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரைச் சொரிந்து மணமகளை வாழ்த்துவர். வேள்வித்தீ இல்லை, புரோகிதர் இல்லை, தாலி கட்டுதலும் இல்லை.

இச்சான்றை எடுத்துக்காட்டியே தூய தமிழ்த் திருமணம் பற்றிப் பேசுவோர் தமது வாதத்தை நிறுவுவர். ஆயின் அச்செய்யுள்களை ஊன்றி நோக்குமிடத்து வேறு சில உண்மைகளும் புலப்படும். வாழ்த்தும் மகளிர் புதல்வரைப் பெற்றிருத்தல் வேண்டும். அவர் வாழ்த்தும் பொருளோ கற்பினின்று வழுவாது கணவனால் விரும்பப்படுதலாகும். ஆகவே பெண்ணின் மதிப்பை மகப்பேற்றாலும் கற்பாலும் அளவிடும் நோக்கு, தீவலம் வருவதற்கு முன்னரே தமிழ்ச் சமூகத்தில் நிலைபெற்றுவிட்டது. தந்தைவழிச் சமூகத்தைப் புரோகிதர் உண்டாக்கினர் என்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. அவர்கள் ஏலவே உருப்பெற்று வந்த உறவுகளுக்குப் புனித வடிவம் அளித்தனர் எனக் கொள்வதே பொருத்தமாகும்.

இன்னொரு செய்தியும் மனங்கொளத்தக்கது. இவ்விரு செய்யுள்களிலும் மணமகளைக் கொடுப்போர் 'தமர்' எனப் பன்மையிலேயே சுட்டப்படுகின்றனர். கொடுப்பவன் தந்தை என்னும் தனிமனிதன் அல்லன். சுற்றம் என்னும் கூட்டமே. இதனை ஒப்பிட்டு நோக்கினால், பிற்காலக் கன்னிகாதானத்தில் தந்தை தனித்துக் கொடையாளியாக அமர்வதன் வரலாற்று முக்கியத்துவம் தெளிவாகும்.

3

தொல்காப்பியக் கற்பியல், கற்பு என்பதனைக் கரணத்தொடு இணைத்து, கொள்ளுதற்குரியவன் கொடுத்தற்குரியோர் கொடுப்பக் கொள்வது என வரையறை செய்கின்றது. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டது என்றும், மேலோர்க்கு வகுத்த கரணம் கீழோர்க்கு ஆகிய காலமும் உண்டு என்றும் அது கூறும். 'ஐயர்' என்னும் சொல் யாரைக் குறிக்கும் என்பது பற்றி உரையாசிரியர் காலந்தொட்டு வாதங்கள் நிகழ்ந்துள்ளன. நமக்கு முக்கியமானது வேறொன்று. கரணம் என்றும் இருந்ததன்று, ஒரு காலத்தில் ஒரு தேவையின் பொருட்டு வகுக்கப்பட்டது என்னும் வரலாற்றுணர்வு அந்நூலிலேயே உள்ளது. அது மேலிருந்து கீழாகப் பரவியது என்பதும் அங்கு ஒப்புக்கொள்ளப்படுகின்றது.

அத்தேவை யாது? குடும்பத்தின் தோற்றத்தைத் தனிச்சொத்தின் தோற்றத்தோடு தொடர்புபடுத்தி 1884இல் எங்கெல்ஸ் எழுதிய நூல் இவ்விடத்தில் நமக்குத் துணைபுரிகின்றது. சொத்து தனியார் உடைமையாகும்போது, அதனைப் பெறும் வாரிசு யாருடைய மகன் என்பது ஐயத்துக்கிடமின்றி உறுதிப்படுத்தப்படல் வேண்டும். களவு என்னும் காதல் ஒழுக்கத்துக்குச் சான்று வேண்டுவதில்லை. வாரிசுரிமைக்குச் சான்று இன்றியமையாதது. கரணம் அச்சான்றாக அமைந்தது.

சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகி திருமணம் முதுபார்ப்பான் மறைவழி காட்டத் தீவலம் வந்து நிகழ்கின்றது. மணமக்கள் புகாரின் பெருவணிகர் குடியினர் என்பது தற்செயலானதன்று. திருமணத்தின் பின் பெருஞ்செல்வத்தோடு தனிமனை அமைத்துக் கொடுக்கப்படுவதும் அக்காப்பியத்திலேயே கூறப்படுகின்றது. திரண்ட செல்வம், அச்செல்வத்தின் வாரிசு, வைதிகக் கரணம் ஆகிய மூன்றும் ஒருங்கே தோன்றுவதை இங்கு காண்கின்றோம். ஆண்டாளின் வாரணமாயிரம் பாடப்பெற்ற காலத்திலோ காப்புக் கட்டுதல், கைப்பற்றுதல், தீவலம், அம்மி மிதித்தல், பொரியிடல் ஆகியன கோவையாக அமைந்துவிட்டன. எனினும் தாலி அங்கும் வெளிப்படையாகக் குறிப்பிடப்படவில்லை.

தாலி என்னும் சொல் பழமையானதே. ஆயின் புறநானூற்றின் 77ஆம் செய்யுள், தாலியை இன்னும் களையாத இளைஞனாகப் பாண்டியன் நெடுஞ்செழியனைக் காட்டுகின்றது. அங்கு தாலி சிறுவர் அணியும் காப்பணி. அவ்வணி பெண்ணின் மணச்சின்னமாக மாறியமை பற்றி இராசமாணிக்கனார் முதலியோர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். 12ஆம் நூற்றாண்டில் எழுந்த பெரியபுராணத்தில், வறுமையுற்ற குங்கிலியக் கலய நாயனாரின் மனைவியார் நெல் கொள்ளுமாறு தமது தாலியைக் கழற்றிக் கொடுக்கின்றார். நாயனார் அதனைக் கொடுத்துக் குங்கிலியம் வாங்குகின்றார். பக்தியின் பெருமையைக் கூற எழுந்த இக்கதை, ஒரு சமூக உண்மையையும் தன்னுள் அடக்கியுள்ளது. தாலி மணச்சின்னம் மட்டுமன்று. வீட்டிலுள்ள யாவும் தீர்ந்தபின் எஞ்சும் இறுதிச் சொத்தும் அதுவே. அதனை விற்கும் முடிவைச் செயற்படுத்துபவன் கணவன்.

4

இனிக் கன்னிகாதானத்துக்கு வருவோம். மனு முதலிய தர்மசாத்திரங்கள் கூறும் எண்வகை மணங்களுள் முதலிடம் பெறும் பிரமம், தந்தை தன் மகளை அணிகலன் பூட்டித் தானமாகக் கொடுப்பதாகும். யாழ்ப்பாணத்தில் இக்கிரியை நிகழுமாறு பலரும் அறிந்ததே. இரு தரப்பினரதும் தந்தை, பாட்டன், பூட்டன் ஆகிய மூன்று தலைமுறையினரின் பெயர்களும் கோத்திரமும் மும்முறை சொல்லப்படும். மணமகளின் கை வெற்றிலை, பாக்கு, பழம், பொற்காசு ஆகியவற்றோடு மணமகனின் கையில் வைக்கப்படும். தாய் செம்பிலிருந்து நீரை வார்க்கத் தந்தை தாரைவார்த்துக் கொடுப்பார்.

கையில் நீர்வார்த்துக் கொடுத்தல் திருமணத்துக்கு மட்டும் உரிய செயலன்று. இரந்த பார்ப்பார்க்குப் பூவும் பொன்னும் நீரொடு சொரிந்து கொடுப்பது அரசர்க்குரிய கடமையாகப் புறநானூற்றின் 367ஆம் செய்யுளிற் பேசப்படுகின்றது. பல்லவர், சோழர் காலச் சாசனங்களில் பிராமணர்க்கும் கோயிலுக்கும் நிலம் வழங்கியதைக் குறிக்கும் வாய்பாடாக நீரோடு அட்டிக் கொடுத்தல் என்னும் வழக்கு மீண்டும் மீண்டும் வருகின்றது. அதாவது, நீர்வார்த்தல் என்பது கொடுப்பவனுடைய உரிமை முற்றாக அற்று வாங்குபவனுக்கு உரிமை பிறந்துவிட்டது என்பதனைச் சபையறிய நிலைநாட்டும் சட்டச் செயல். எழுத்துறுதி பரவலாகாத சமூகத்தில் அதுவே உறுதி.

மூன்று தலைமுறைப் பெயர்களை ஒப்புவித்தலும் இவ்வாறே நோக்கத்தக்கது. நொத்தாரிசு எழுதும் காணி உறுதியில், ஆதனம் யாரிடமிருந்து யாருக்கு எவ்வழியால் வந்தது என்பதும் அதன் நான்கெல்லைகளும் கூறப்படும். கன்னிகாதானத்திற் கூறப்படும் மூன்று தலைமுறையும் அத்தகைய உரித்துக் கூற்றேயாகும். இங்கு கொடுக்கப்படும் பொருள் மட்டுமே வேறு. அது நிலமன்று, பெண். தத்துவ விளக்கம் இதனைத் தானங்களுட் சிறந்த தானம் எனப் போற்றுகின்றது. ஆயின் தானம் செய்யப்படுவது உடைமைப் பொருளே என்பதனை அவ்விளக்கத்தால் மறைக்க இயலாது.

5

இதுவரை கூறியது தமிழகத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பொதுவானது. யாழ்ப்பாணத்துக்குச் சிறப்பாக உரியது இதன் பின்னரே தொடங்குகின்றது.

ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத் திசாவையாக விளங்கிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் 1706-1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, தமிழ் முதலியார் பன்னிருவரால் பரிசீலிக்கப்பட்டு, பின்னர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியினால் ஆங்கிலேயர் ஆட்சியிலும் சட்டவலுப் பெற்றது. அது ஆதனத்தை மூவகைப்படுத்தும். கணவன் மரபாகக் கொணர்வது முதுசம். மனைவி கொணர்வது சீதனம். இருவரும் மணவாழ்வில் ஈட்டுவது தேடிய தேட்டம். பண்டைய வழக்கின்படி தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சேர்ந்தன. போர்த்துக்கேயர் காலத்தில் இவ்வழக்குத் தளர்ந்து, முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்னும் வேறுபாடின்றி மூன்றிலிருந்தும் மகளுக்குச் சீதனம் கொடுக்கும் நிலை ஏற்பட்டதாகத் தேசவழமையே பதிவு செய்துள்ளது. சீதனம் பெற்றுச் சென்ற மகள் பெற்றோரின் எஞ்சிய ஆதனத்தில் உரிமை கோர முடியாது என்பதும் அதன் விதி.

இவ்விதிகளைக் கன்னிகாதானத்தோடு ஒப்பிடுவோம். சடங்கின்படி தந்தைவழி மூன்று தலைமுறையினரின் பெயரால் பெண் கொடுக்கப்படுகின்றாள். பண்டைய வழக்கின்படி அவளோடு சேர்ந்து செல்லும் நிலமோ தாயிடமிருந்து மகளுக்கு, அம்மகளிடமிருந்து அவள் மகளுக்கு எனத் தாய்வழியே வந்தது. சடங்கின்படி பெண் பிறந்தகம் நீங்கிக் கணவன் குலம் புகுகின்றாள். வழக்கிலோ திருமணம் பெண்வீட்டில் நிகழ, மணமகனே பெரும்பாலும் பெண்ணின் சீதன வீட்டுக்கு வந்து வாழத் தொடங்குகின்றான். தாய்மார், சகோதரிகள் அயலயலே வாழும் வளவுகள் இவ்வாறு உருவாயினவே. சடங்கு தந்தைவழியைப் பேசுகின்றது. நிலம் தாய்வழியிற் செல்கின்றது. இம்முரண்பாடு முழுவதும் ஒரு சிறு செயலிற் புலப்படுகின்றது. நீர் வார்ப்பவள் தாய். கொடையாளியாகப் பெயர் சொல்லப்படுபவர் தந்தை. நிலம் எவளிடமிருந்து வந்ததோ அவளுடைய தாய், பாட்டி ஆகியோரின் பெயர்கள் அவ்வொப்புவித்தலில் ஓரிடத்தும் இல்லை.

சடங்கும் வழக்கும் இவ்வாறு முரண்பட்ட பின்னரும், அச்சடங்கு யாழ்ப்பாணத்து நிலவுடைமையாளரிடையே நிலைபெற்றதேன்? பெண்ணின் பெயரில் உள்ள நிலம் பெண்ணின் ஆளுகையில் இருக்கக்கூடாது என்பதே விடை என நாம் கருதுகின்றோம். சடங்கு அவளையே ஓர் உடைமையாக ஆக்கிவிடின், அவளுடைய உடைமை யாருடைய கட்டுப்பாட்டுக்கு உட்படும் என்னும் வினா எழாது. சட்டமும் இதனை உறுதிப்படுத்தியது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம், மணமான பெண் தனது அசைவற்ற ஆதனத்தைத் தனக்குரியதாக வைத்திருக்க அனுமதித்தது. ஆயின் உயிரோடிருக்கையில் அதனைப் பாராதீனப்படுத்தக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என விதித்தது. கன்னிகாதானம் மந்திர மொழியிற் கூறியதனை இச்சட்டம் நீதிமன்ற மொழியிற் கூறியது எனலாம்.

யாழ்ப்பாணத்துக் கிறித்தவர் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும். அவர்களிடையே தீவலமும் கன்னிகாதானமும் இல்லை. ஆயின் தாலி உண்டு, சீதனமும் உண்டு. தேசவழமை சமய வேறுபாடின்றி அவர்களையும் ஆண்டது. வழிபாடு மாறியபோதும் ஆதன உறவு மாறாமையால், அவ்வுறவைத் தாங்கும் சின்னமும் மாறவில்லை.

6

திருமணப் பந்தலில் வெளிப்படுவது கணவன் மனைவி உறவு மட்டுமன்று. யாழ்ப்பாணச் சமூகத்தின் உற்பத்தி உறவுகள் யாவும் அன்று ஓரிடத்திற் காட்சியளிக்கின்றன. பொன்னுருக்குக்குத் தட்டார், மணமகனின் முகவழிப்புக்கு அம்பட்டர், பந்தலுக்கு வெள்ளை கட்டவும் நிலபாவாடை விரிக்கவும் வண்ணார், பானைக்குக் குயவர், பறைக்குப் பறையர் என ஒவ்வொரு குடிமைச் சாதியினரும் தத்தமக்கு விதிக்கப்பட்ட பணியைச் செய்து, விதிக்கப்பட்ட பங்கைப் பெற்றுச் சென்றனர். இத்தொழிலாளர் இன்றியமையாதவர்; ஆயினும் பந்தியில் இடமற்றவர். மங்கலம் என்று கூறப்பட்டது, ஒவ்வொருவரும் தத்தம் படிநிலையில் நிற்பதையே பொருளாகக் கொண்டது.

ஒடுக்கப்பட்ட மக்களின் சொந்தத் திருமணங்களில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். அவர்கள் நகை அணிவதும் மேளம் பிடிப்பதும் நீண்டகாலம் தடுக்கப்பட்டிருந்தன. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோதும் இத்தடைகள் ஒழியவில்லை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து எழுந்த ஊர்வலம், 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் ஆகியவற்றின் வழியே அவை படிப்படியாகத் தகர்க்கப்பட்டன. ஆகவே ஒடுக்கப்பட்டோர் மேளதாளத்தோடு திருமணம் செய்தமையை வெறுமனே மேல்சாதியாரைப் பின்பற்றியமை எனக் கூறிவிடுதல் தவறாகும். உடையோரிடத்து அதிகாரத்தின் அடையாளமாயிருந்த அதே சடங்கு, மறுக்கப்பட்டோரிடத்து உரிமையின் அடையாளமாயிற்று. சடங்கின் பொருள் சடங்கினுள் இல்லை, அதனைச் செய்வோரின் சமூக நிலையில் உள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

7

19ஆம் நூற்றாண்டில் இவ்வமைப்புப் புதியதொரு கட்டத்தை அடைந்தது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் காணிக் கைமாற்றத்துக்கு நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படும் உறுதியை இன்றியமையாததாக்கியது. ஒல்லாந்தர் காலச் சீதன ஓலையின் இடத்தைச் சீதன உறுதி பெற்றது. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டத்தின் பின்னர் 'எழுத்து' என்னும் பதிவும் வழக்கில் ஊன்றியது. இவ்வாறு நிலத்தை உறுதியும் மணத்தை எழுத்தும் நிலைநாட்டத் தொடங்கியதும், தாரைவார்த்தல் தனது சட்டவலுவை இழந்தது. இழந்த பின்னரே அது அளவற்ற தத்துவ விளக்கங்களைப் பெறலாயிற்று என்பது கவனிக்கத்தக்கது. பயன் இழந்த கருவி பூசைக்குரிய பொருளாவது போன்றது இது.

இதே காலத்தில் சீதனத்தின் உள்ளடக்கமும் மாறியது. திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியான புகையிலை காசைக் கொணர்ந்தது. மிசன் பாடசாலைகளின் ஆங்கிலக் கல்வி அரச உத்தியோகத்துக்கும், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவின் எழுதுவினைஞர் பதவிகளுக்கும் புகையிரத சேவைக்கும் வழிகாட்டியது. சம்பளமும் ஓய்வூதியமும் உடைய மாப்பிள்ளை சந்தையில் விலை குறிக்கப்படும் பண்டமானான். பரப்புக் கணக்கில் எண்ணப்பட்ட சீதனத்தோடு காசும், மாப்பிள்ளை வீட்டாருக்குரிய 'டொனேசன்' என்னும் தொகையும் சேர்ந்தன. அத்தொகை பெரும்பாலும் மாப்பிள்ளையின் சகோதரிகளுக்குச் சீதனமாகச் செலவாயிற்று. ஒரு பெண்ணின் திருமணம் இன்னொரு பெண்ணின் திருமணத்துக்கு முதலாகும் இச்சுழற்சியில், தனிமனிதரின் பேராசையை மட்டும் குறைகூறிப் பயனில்லை. பண்டைய வழக்கில் மகளின் உரிமைப்பங்காக விளங்கிய ஒன்று, முதலாளித்துவப் பண உறவுகளுட் புகுந்தபோது மணமகனுக்குரிய விலையாகத் திரிந்தது.

1983 முதல் 2009 வரையிலான போர்க்காலம் இவ்வமைப்பின் அடித்தளத்தையே அசைத்தது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் பெயர்க்கப்பட்டு, அந்நிலங்கள் உயர்பாதுகாப்பு வலயமானபோது, சீதன உறுதி கையிலிருந்தும் சீதன வளவில் கால்வைக்க முடியாத நிலை பல்லாயிரம் பெண்களுக்கு நேர்ந்தது. எடுத்துச் செல்லக்கூடிய சொத்தாகத் தாலிக்கொடியே எஞ்சியது. அடைவு வைக்கவும் விற்கவும் பட்ட அக்கொடிகள், கலய நாயனார் கதையிலுள்ள தாலியின் பொருளாதார இயல்பை மீண்டும் வெளிக்கொணர்ந்தன. புலம்பெயர்ந்தோர் வாழ்வில் நிலத்தின் இடத்தை வெளிநாட்டுப் பணம் பெற்றது. சடங்குகளோ குறையாது விரிவடைந்தன.

8

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? சடங்கை நீக்குதலே தீர்வு என்பது ஒரு கருத்து. தமிழ்நாட்டில் 1967இல் நிறைவேறிய சட்டத்திருத்தம், புரோகிதரின்றி நிகழும் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. அது முற்போக்கான நடவடிக்கை என்பதில் ஐயமில்லை. ஆயினும் புரோகிதரை விலக்கிய மேடையிலும் சீதனம் கைமாற இடமுண்டு. அகநானூற்று முறைக்கு மீள்வதும் தீர்வாகாது. அங்கும் பெண் கொடுக்கப்படுபவளே என்பதை மேலே கண்டோம்.

மரபிலுள்ள யாவும் தள்ளத்தக்கன என்பதும் நமது கருத்தன்று. மணமக்கள் இணைந்து வைக்கும் ஏழடியில் இறுதி அடி நட்பின் பொருட்டு வைக்கப்படுவது. கொடுப்போனும் கொள்வோனும் கொடைப்பொருளும் என்னும் உறவை அது கூறவில்லை. தோழமை என்னும் சமநிலை உறவையே கூறுகின்றது. கன்னிகாதானமும் ஏழடியும் ஒரே மணவறையில் நிகழ்வது, சடங்கு ஒரே குரலிற் பேசுவதன்று, முரண்பட்ட குரல்களின் தொகுதி என்பதனை உணர்த்தும். அக்குரல்களுள் எது மேலோங்கும் என்பதை மந்திரம் தீர்மானிப்பதில்லை. பெண் தன் பெயரிலுள்ள நிலத்தைத் தானே ஆளவும், தன் உழைப்பின் பயனைத் தானே பெறவும் முடிகின்றதா என்பதே அதனைத் தீர்மானிக்கும்.

எனவே திருமணச் சடங்குகளின் பொருளை ஆராய முற்படுவோர் கிரியை நூல்களோடு நின்றுவிடாது, காணிப் பதிவகங்களிலுள்ள சீதன உறுதிகளையும் ஒருங்கே வைத்து ஆராய்தல் வேண்டும். மணவறையில் உச்சரிக்கப்படாத தாய்மாரின் பெயர்கள் அவ்வுறுதிகளிலே எழுதப்பட்டுள்ளன. அப்பெயர்களைக் கொண்டு ஊர் ஊராக நிலவுடைமையின் வரலாற்றை எழுதுவது, நம் பல்கலைக்கழகத் தமிழ் ஆய்வாளர் மேற்கொள்ள வேண்டிய பணிகளுள் ஒன்றாகும்.